ஜெட் ஸ்கில ட்ரெய்ன் ப்ளக்குக்கு பதிலா வேற வால்வ் மாட்டலாமா? ட்ரில் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்

அலைக்காரன்

வணக்கம் மக்களே. என் ஸ்கில பின்னாடி ட்ரான்சம்ல (வண்டியோட பின்சுவர்) உள்ள தேங்கின தண்ணிய வடிக்கற ரெண்டு ட்ரெய்ன் ப்ளக், வழக்கமா வர்ற திருகி எடுக்கற ப்ளாஸ்டிக் மூடிதான். ட்ரெய்லர்ல ஏத்தினதும் முட்டி போட்டு ரெண்டையும் கழட்டணும், மரைல மணல் ஏறி கரகரன்னு திரும்பும், ஓ-ரிங் (கசியாம இருக்க போடற ரப்பர் வளையம்) வேற நசுங்கி ஒரு பக்கமா பிதுங்கி நிக்குது. அதான் வெளி கம்பெனி வால்வ் போட்டுடலாம்னு பாத்துட்டு இருக்கேன்.

ரெண்டு டைப் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு லிவர் வெச்சது, கால் சுத்து சுத்தினா திறக்கும் மூடும், உள்ள ஓ-ரிங் உண்டு. இன்னொண்ணு ஒன்வே வால்வ், உள்ள ரப்பர் வாத்து மூக்கு மாதிரி ஒட்டிட்டு இருக்கும், உள்ளருந்து தண்ணி தள்ளினா திறக்கும் வெளியருந்து தள்ளினா மூடிக்கும், ஓடும்போதே தானா வடிஞ்சிடும்னு போட்டிருக்கான், ப்ளக்கே தேவையில்லையாம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

சந்தேகம் என்னன்னா, இதுல எது உருப்படி, ரெண்டுக்குமே பழைய ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கணும்னு போட்டிருக்கு அத வீட்டுல வெச்சு நாமளே பண்ணலாமா இல்ல ஃபைபர் வேலை தெரிஞ்சவன்கிட்ட குடுக்கணுமா, எந்த சீலன்ட், ஸ்க்ரூவா ரிவெட்டா. அப்புறம் ஒரு நாள் ஓட்டிட்டு வந்து ப்ளக் எடுத்தா ரெண்டு மூணு லிட்டர் வருது, அது சகஜம்தானா? அதுக்காகவும்தான் அந்த தானா வடியற டைப் மேல ஒரு கண்ணு.

உப்புக்காத்து

கடைசி வரில சொன்னியே ரெண்டு மூணு லிட்டர், மொதல்ல அதப் பாரு ப்ரோ. வால்வ் அப்புறம்.

சீட்டுக்கு அடில, ஸ்டோரேஜ் மூடி வழியா, திரும்ப ஏறும்போது உடம்புலருந்து வழியறதுன்னு கொஞ்சம் தண்ணி எல்லா ஸ்கிலயும் உள்ள போகும். ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர்னா கண்டுக்க வேண்டாம். தினமும் லிட்டர் கணக்குல வந்தா எங்கயோ வழி இருக்கு. ட்ரைவ் ஷாஃப்ட் ஹல்லுக்குள்ள (ஸ்கியோட அடி உடம்பு) நுழையற எடத்துல சீல் (சில மாடல்ல கார்பன் ரிங், சிலதுல பேரிங்கோட சேந்த ரப்பர் சீல்), எக்ஸாஸ்ட் ரப்பர் பூட் க்ளாம்ப், கூலிங் ஹோஸ் க்ளாம்ப், அப்புறம் உன் நசுங்கின ஓ-ரிங். நீயே சொல்லிட்ட ஒரு பக்கமா பிதுங்கி நிக்குதுன்னு, பாதி பதில் அங்கயே இருக்கலாம். ஒரு ஜோடி ஓ-ரிங் மாத்தி மரைய பழைய டூத் ப்ரஷ்ல கழுவி மெரைன் க்ரீஸ் லேசா தடவிப் பாரு. லீக்க விட்டுட்டு வடியற வால்வ் மாட்டறது குழாய மூடாம தரையத் துடைக்கற கதை.

இப்ப அந்த வாத்து மூக்கு. ஸ்கி தண்ணில சும்மா நிக்கும்போது ட்ரெய்ன் ஓட்டை வெளித் தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்கு. உள்ள இருக்கறது ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணி, வெளிய அந்த ஓட்டைக்கு மேல பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் நிக்கும். தண்ணி எந்தப் பக்கம் போகும்? உள்ளதான். அதனால வால்வ் இறுக்கி மூடிக்கிட்டே நிக்கும், ஒரு சொட்டு வெளிய விடாது. வேகம் புடிச்சு ஸ்கி தண்ணிக்கு மேல எழும்பி ட்ரான்சம் காத்துல வந்தப்புறம்தான் வடியும். இஞ்சின் நின்னு போய் அலைல ஆடிட்டு இருக்கும்போதுதான் தண்ணி வெளிய போகணும், அப்ப அது ஒண்ணும் பண்ணாது.

அது கூட பரவால்ல. ரெண்டு ரப்பர் உதட்டுக்கு நடுவுல ஒரு மணல் துணுக்கு, தலமுடி கனத்துல ஒரு பாசி மாட்டினா போதும், ஒன்வே ரெண்டு வே ஆயிடும். மேல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா ஓடும்போது வடிஞ்சிடும், நிறுத்தினா ஏறும். மதியம் கரையோரம் கட்டிப் போட்டுட்டு சாப்பிடப் போனா வரும்போது பின்பக்கம் முங்கியிருக்கும். வெயில்லயும் பெட்ரோல் ஆவிலயும் அந்த ரப்பர் விறைச்சுப் போறது தனி.

இன்னொண்ணு, ஓடும்போது தானா வடியற ஏற்பாடு பெரும்பாலான ஸ்கில கம்பெனியே குடுத்திருக்கு. ஜெட் பம்புல தண்ணி வேகமா போற எடத்துல உறிஞ்சல் உண்டாகும், அதுலருந்து ஒரு மெலிசான ட்யூப் ஹல் தரை வரைக்கும் வரும், நுனில வலை மாதிரி ஒரு ஸ்ட்ரெய்னர். அது அடைச்சிருந்தா பில்ஜ்ல, அதாவது ஹல்லோட அடித்தரைல, தண்ணி தேங்கும். அத எடுத்து ஊதிப் பாத்தியா?

ரெசின்கை

உப்புக்காத்து சொன்னத தாண்டி நான் லிவர் டைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அது தப்பில்ல, சரியா மாட்டினா நல்லா உழைக்கும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. ஸ்கி பின்னாடி போய் நின்னு எல்லாம் அசைச்சுப் பாரு. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடி, ரிவர்ஸ் பக்கெட்ட (பின்னாடி போக ஜெட்ட திருப்பி விடற மூடி) கீழ இறக்கு, ஏறதுக்கு மடக்கு படி இருந்தா அதையும் இறக்கு, ட்ரெய்லர் கட்டற பட்டை எங்க வருதுன்னு பாரு. ஃபேக்டரி ப்ளக் ஏன் தட்டையா இருக்குன்னு அப்ப புரியும். தண்ணில விழுந்தவன் திரும்ப ஏறது பின்பக்கமாத்தான், லிவர் ரெண்டு சென்டிமீட்டர் துருத்திட்டு இருந்தா முட்டி இடிக்கும், கால் பட்டு திறக்கவும் செய்யும். இழுக்கற கயிறு மாட்டறது வேற. பூட்டு பள்ளம் இருக்கற லிவரா, இல்ல காயின் வெச்சு திருப்பற தட்டை மூடியா பாத்து வாங்கு.

பொருள் எதுன்னும் பாரு. கண்ணாடி இழை கலந்த நைலான் நல்லது. வெள்ள வெளேர்னு சாதா ப்ளாஸ்டிக் வெயில்ல பொரிஞ்சு போகும். கலர் கலரா அலுமினியம் வரும், பாக்க அழகு, ஆனா உப்புத் தண்ணில ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவோட சேந்தா ஸ்க்ரூவ சுத்தி அலுமினியம் மாவா உதிரும், நடுவுல டெஃப்-ஜெல் மாதிரி அரிப்பத் தடுக்கற பசை எதாவது தடவாம போடாதே. பித்தளை வேண்டவே வேண்டாம், உப்புத் தண்ணி அதுலருக்கற துத்தநாகத்த தின்னுடும், வெளிய முழுசா இருக்கற மாதிரி தெரியும், கை வெச்சா பொடியும். ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ். 304 மேல போடறதுக்கு ஓகே, தண்ணிக்கு அடில சீலன்ட்டுக்குள்ள மூடிக் கெடக்கற எடத்துல அது அரிக்கும்.

இப்ப ஓட்டை. சீட்ட கழட்டி ஹல்ல நல்லா காத்தாட விடு. மொதல்ல இத சொல்ல காரணம் இருக்கு, பெட்ரோல் ஆவி காத்த விட கனம், ஹல் தரைல போய் படுத்துக்கும், ட்ரில் மோட்டார்ல பொறி வரும். பேட்டரி கேபிள கழட்டி வை, மோந்து பாத்து பெட்ரோல் வாடை இருந்தா அன்னிக்கு வேலைய தொடாதே. அப்புறம் உள்பக்கம் டார்ச் அடிச்சு ஓட்டைக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாரு, ஹோஸ், ஸ்டியரிங் கேபிள், வாட்டர் பாக்ஸ், ஃபோம். கை உள்ள போகுதான்னும் பாரு, ஏன்னா அதப் பொறுத்துதான் போல்ட்டா வேற வழியான்னு முடிவு. கை போனா பின்னாடி ஒரு தகடு வெச்சு நட்டு போட்டு இறுக்கறதுதான் பெஸ்ட். போகலன்னா வெல்நட்னு ரப்பர் உடம்போட நட்டு வருது, வெளியருந்தே சொருகி இறுக்கினா உள்ள உப்பி புடிச்சுக்கும். சாதா பாப் ரிவெட் தண்ணிக்கு அடில வேண்டாம், நடுவுல ஊசி ஒடியற எடத்துலயே ஓட்டை இருக்கும், சொட்டும்.

ஃபைபர் ஹல்லா இருந்தா ஜெல்கோட் (ஃபைபர் மேல இருக்கற பளபளப்பான கலர் பூச்சு) மேல மாஸ்கிங் டேப் ஒட்டி வெளியருந்து வெட்டு. ஹோல் சாவ (ட்ரில்ல மாட்டி வட்டமா வெட்டற ரம்பம்) மொதல்ல தலைகீழ் சுத்துல ஓட்டு, ஜெல்கோட் செதில் தெறிக்காம கோடு விழும், அப்புறம் நேர் சுத்துல மெதுவா. ஏற்கனவே ஓட்டை இருக்கறதால நடு ட்ரில் பிட்டுக்கு புடிமானம் இருக்காது, ஒரு மரக்கட்டைய பழைய ஓட்டைல இறுக்கமா அடிச்சுட்டு அது மேல செண்டர் வெச்சு வெட்டு, இல்லன்னா ஹோல் சா வழுக்கி ட்ரான்சம்ல கோலம் போட்டுடும். மாஸ்க் கண்ணாடி கட்டாயம், ஃபைபர் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஸ்க்ரூ ஓட்டை வாய ஒரு கவுண்டர்சிங்க் பிட்டால லேசா சரிச்சு விடு, அப்பதான் இறுக்கும்போது ஜெல்கோட் நட்சத்திரமா வெடிக்காது.

எல்லாரும் விடற எடம் இதுதான்: வெட்டின விளிம்பு. அங்க இழை திறந்து கெடக்கும், வருஷக் கணக்குல தண்ணிய உறிஞ்சிட்டே இருக்கும். எபாக்ஸி கலக்கி ப்ரஷ்ல அந்த விளிம்பு, ஸ்க்ரூ ஓட்டை உள்பக்கம் எல்லாம் பூசி காய விடு. அப்புறம்தான் வால்வ்.

சீலன்ட்டுக்கு த்ரீஎம் 4200 இல்ல சிகாஃப்ளெக்ஸ் 291 மாதிரி பாலியூரிதேன். அதே த்ரீஎம்மோட 5200 போடுன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், போடாதே, அது நிரந்தரம், நாளைக்கு வால்வ் ஒடஞ்சா ட்ரான்சமோட பேத்துட்டுத்தான் வரும். சாதா 5200 முழுசா காய 5லருந்து 7 நாள் ஆகும் வேற. பாத்ரூம் சிலிக்கான் பக்கமே போகாதே, அது ஒரு தடவை பட்ட எடத்துல அப்புறம் எதுவும் ஒட்டாது. பாலிசல்ஃபைட் சீலன்ட் நல்ல சரக்குதான், ஆனா ஏபிஎஸ், பாலிகார்பனேட் மேல பட்டா ப்ளாஸ்டிக்க வெடிக்க வெச்சுடும், வால்வ் எதுல செஞ்சதுன்னு தெரியாம அத தொடாதே. தாராளமா தடவு, சுத்தி வரம்பு மாதிரி பிதுங்கற வரைக்கும் இறுக்கிட்டு நிறுத்து. மொத்தமா பிழிஞ்சு வெளிய தள்ளிட்டா உள்ள சீலன்ட்டே இருக்காது. காஞ்சப்புறம் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கலாம்.

மணல்மேடு

வாத்து மூக்க ஒரேயடியா ஒதுக்காதீங்கப்பா. நின்னுட்டு ஓட்டற ஸ்கில அலைக்குள்ள விளையாடறவங்க அத விரும்பிப் போடறாங்க, ஏன்னா அங்க தண்ணி உள்ள போயிட்டேதான் இருக்கும், வண்டியும் கவுந்து கவுந்து எந்திரிக்கும், எந்நேரமும் ஓட்டத்துலதான். அவங்களுக்கு அது பிரயோஜனம். ஆனா அவங்களும் தண்ணில கட்டிப் போட்டுட்டுப் போறதில்ல, முடிஞ்சதும் கரையேத்திடுவாங்க. ஒக்காந்து ஓட்டற ஸ்கிக்கு அந்த விளம்பரத்த அப்படியே எடுத்துக்கறதுதான் சிக்கல். ஆசையா இருந்தா ஒன்வே வால்வோட வெளிப்பக்கம் ஒரு திருகு மூடியும் இருக்கற மாதிரி வாங்கு, நிறுத்தி வெக்கும்போது மூடிட்டுப் போ. ஆனா அப்ப ப்ளக்கே தேவையில்லன்னு சொன்னது என்னாச்சுன்னு கேக்காதே 😀

அலைக்காரன்

அடேயப்பா, இவ்ளோ விஷயம் இருக்கா இதுல. ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரெண்டு அப்டேட். உப்புக்காத்து அண்ணா சொன்ன ட்யூப் இருக்கு, பின்னாடி தரையோட முடியுது, நுனி வலைல கருப்பா சேறும் நாரும் அப்பி சுத்தமா அடைப்பு. கழுவிட்டேன். ஓ-ரிங்கும் புதுசு வாங்கப் போறேன்.

ரெண்டாவது, ரெசின்கை அண்ணா, நீங்க ஃபைபர் ஹல்லா இருந்தான்னு சொன்னீங்கல்ல, எனக்கு அங்கதான் டவுட் வந்து மேனுவல் எடுத்துப் பாத்தேன். என்னது சீ-டூ கம்பெனியோட பாலிடெக் ஹல்லாம். ஜெல்கோட்டே கிடையாது, நிறமே ப்ளாஸ்டிக்லயே இருக்கு. இதுக்கும் அதே மெத்தடா? 4200 போட்டா புடிக்குமா, கொஞ்சம் சாண்ட்பேப்பர் தேச்சுட்டுப் போட்டா?

ரெசின்கை

நல்ல வேளை ட்ரில் எடுக்கறதுக்கு முன்னாடி மேனுவல் எடுத்த.

பாலிடெக்னா கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீன், 2014 ஸ்பார்க் மாடலோட வந்தது. பாலிப்ரொப்பிலீன் மேல பாலியூரிதேன், எபாக்ஸி எதுவும் நம்பற மாதிரி ஒட்டாது. சாண்ட்பேப்பர் தேச்சாலும் அதே கதைதான், சொரசொரப்பு பிரச்சினை இல்ல, அந்த ப்ளாஸ்டிக்கோட மேற்பரப்பே பசைய படர விடாது. காஞ்சப்புறம் நகத்தால நெம்பினா தோல் மாதிரி முழுசா உரிஞ்சு வரும். ப்ரைமர்னு விக்கறான், தீச்சுவாலை காட்டி ஒட்ட வெக்கற முறையும் இருக்கு, ஆனா தண்ணி மட்டத்துக்கு அடில இருக்கற ஓட்டைக்கு நான் அத நம்பச் சொல்ல மாட்டேன்.

அதனால நான் மேல எழுதினதுல எபாக்ஸி, சீலன்ட் ரெண்டு பாராவையும் மறந்துடு. இந்த ஹல்லுல தண்ணிய நிறுத்தறது ரப்பர் கேஸ்கெட்டும் இறுக்கமும் மட்டும்தான். அகலமான விளிம்பு இருக்கற வால்வ், ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துல நைட்ரைல் கேஸ்கெட் (பெட்ரோல் எண்ணெய் பட்டாலும் தாங்கும்), உள்பக்கம் தகடு, முழு போல்ட். இதுலயும் ஒரு வில்லங்கம், பாலிப்ரொப்பிலீன் அழுத்தத்துல மெல்ல மெல்ல நகரும், இன்னிக்கு இறுக்கினது சில நாள்ல தளந்திருக்கும். அதனால தகடு பெருசா இருக்கணும், அப்பப்ப ஸ்பேனர் வெச்சுப் பாக்கணும். உள்ள கை போகலன்னா இந்த ஹல்லுல ஓட்டைய பெருசாக்காதே, அவ்ளோதான். தப்பா வெட்டிட்டா ஃபைபர்னா துணி ரெசின் வெச்சு பூசிடலாம், இதுக்கு ப்ளாஸ்டிக் வெல்டிங் தெரிஞ்சவனத் தேடிட்டு அலையணும்.

பழைய ஓட்டைலயே பழைய மரைலயே உக்கார்ற மாதிரி மெட்டல் ப்ளக், பெரிய தலை வெச்ச ப்ளக்னு மாத்து சாமான் வருது. உன் பிரச்சினை முட்டி போட்டு திருகறதுதானே, அதுக்கு அது போதும்.

ஈரத்துணி

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, ஒரு 500 கேலன் எலக்ட்ரிக் பில்ஜ் பம்ப், தண்ணில மிதந்து வேலை செய்யற ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச். தண்ணி ஏறினா தானா ஓடும். நின்னாலும் ஓடும் ஓடினாலும் ஓடும். வால்வ் லீக் ஆனாலும் பம்ப் பாத்துக்கும்.

உப்புக்காத்து

பம்ப் நல்ல யோசனைதான், அந்தக் கடைசி வரி தவிர.

கணக்குப் போட்டுப் பாப்போம். 25 மில்லிமீட்டர் ஓட்டை, தண்ணி மட்டத்துலருந்து 15 சென்டிமீட்டர் ஆழம். முழுசா திறந்துட்டா நிமிஷத்துக்கு சுமார் 30 லிட்டர் உள்ள வரும். 500 கேலன் பம்ப்னா மணிக்கு 500 அமெரிக்க கேலன், அதாவது நிமிஷத்துக்கு 31 லிட்டர் சொச்சம். அதுவும் ஹோஸே மேல ஏறாம, வோல்டேஜ் முழுசா இருக்கும்போது கம்பெனி அளந்தது. ஹோஸ் அரை மீட்டர் மேல ஏறி வளைஞ்சு, இஞ்சின் நின்ன பேட்டரில ஓடும்போது அதுல கணிசமா கொறஞ்சிடும். ஸ்கி பேட்டரியும் சின்னது, அது காலியானா ஸ்டார்ட்டும் போச்சு பம்பும் போச்சு. கசிவுக்கு பம்ப், திறந்த ஓட்டைக்கு இல்ல.

போடறதா இருந்தா பம்ப் ஒயர ஃப்யூஸ் வழியா நேரா பேட்டரிக்கு, ஃப்யூஸ் அளவு பம்ப் மேலயே போட்டிருப்பான் அதுக்கு மேல போடாதே. பெட்ரோல் ஹல்லுங்கறதால பொறி தெறிக்காத மெரைன் பம்ப் ஸ்விட்ச்சா இருக்கணும். வெளிய விடற ஓட்டை தண்ணி மட்டத்துக்கு நல்லா மேல, ஹோஸ அதுக்கும் மேல தூக்கி ஒரு வளைவு குடுத்து இறக்கு, இல்லன்னா நின்னதும் அதே ஹோஸ் வழியா தண்ணி திரும்ப உறிஞ்சிட்டு வரும். அதத் தடுக்க ஹோஸ்ல ஒன்வே வால்வ் போடலாம்னு தோணும், வேண்டாம், குப்பை மாட்டினா பம்ப் தள்ளவே தள்ளாது. சுத்தி சுத்தி அதே வாத்து மூக்குல வந்து நிக்கறோம் பாரு.

அலைக்காரன்

சரி, முடிவு பண்ணிட்டேன், ஓட்டைய தொடல. பழைய மரைலயே உக்கார்ற பெரிய தலை ப்ளக், புது ஓ-ரிங். பம்ப் அப்புறம் பாக்கலாம். ஆனா அந்த ரெண்டு மூணு லிட்டர் எங்கருந்து வந்துச்சுன்னு எப்படி உறுதியா கண்டுபிடிக்கறது, தண்ணில இறக்காமயே?

மணல்மேடு

ட்ரெய்லர்ல மட்டமா நிக்க வெச்சு, ப்ளக் ரெண்டையும் மாட்டிட்டு, ஹல்லுக்குள்ள தண்ணிய ஊத்து. வெளியருந்து உள்ள வர்ற வழி உள்ளருந்து வெளிய வர்ற வழியும்தானே. ஷாஃப்ட் சீல் நனையற அளவு போதும், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒயர் கனெக்டர் பக்கம் ஏற விடாதே. ஊத்தறதுக்கு முன்னாடி ட்ரான்சம், ஷாஃப்ட் வெளிய வர்ற எடம், ஜெட் பம்ப் சேர்ற எடம் எல்லாம் நல்லா துடைச்சு உலர வை. ஒவ்வொரு எடத்துலயும் டிஷ்யூ பேப்பர் ஒட்டி விட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து எது நனைஞ்சிருக்குன்னு பாரு. இஞ்சின் ஓடக் கூடாது இதுக்கு.

அதுல எதுவும் நனையலன்னா கூலிங் ஹோஸ் இல்ல எக்ஸாஸ்ட் பக்கம். ஊத்தின தண்ணிய முழுசா வடிச்சுத் துடைச்சுட்டு, சீட்ட எடுத்துட்டு ஃப்ளஷ் ஹோஸ் (கரைல வெச்சு குழாய்த் தண்ணி குடுக்கற ஹோஸ்) மாட்டி கொஞ்ச நேரம் ஓட்டி டார்ச் அடிச்சுப் பாரு. மொதல்ல இஞ்சின், அப்புறம் தண்ணி, நிறுத்தும்போது மொதல்ல தண்ணி, அப்புறம் இஞ்சின். மாத்திப் பண்ணினா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி இஞ்சினுக்குள்ளயே போயிடும். கார்பன் சீல் இருக்கற மாடல்னா ஒரு நிமிஷத்துக்கு மேல இழுக்காதே, வெளிய தண்ணி இல்லாம அந்த ரிங் சூடாகும்.

அலைக்காரன்

ஊத்திப் பாத்தாச்சு. இடது ப்ளக்குக்கு அடில ஒட்டின பேப்பர் மட்டும் சொத சொதன்னு, ஷாஃப்ட் பக்கம் காஞ்சே இருக்கு. பழைய ஓ-ரிங்க எடுத்துப் பாத்தா ஒரு எடத்துல வெட்டு விழுந்து மணல் ஒட்டியிருக்கு. புதுசு வந்ததும் மாட்டிட்டு இன்னொரு தடவை தண்ணி ஊத்திப் பாத்துட்டு போடறேன்.

ரெசின்கை

வலது பக்கத்துதையும் சேத்தே மாத்திடு. மாட்டும்போது கைல இறுக்கற அளவு போதும், ஸ்பேனர் வேண்டாம், அந்த ப்ளாஸ்டிக் மரை போச்சுன்னா அப்புறம் உண்மையிலயே வால்வ் பத்தி பேச வேண்டி வரும்.